சுசான் வலதோன்: ஓவியர்கள் முன்னால் ஆடையின்றி நின்ற பெண், தானே தூரிகையை எடுத்த கதை

ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் இணையதளத்துக்குள் போய்ச் சும்மா பத்து நிமிஷம் சுற்றிப் பாருங்க. ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். ஆடையில்லாத பெண்கள். கட்டிலில், கடற்கரையில், காட்டில், சிப்பியின் மேல், மேகத்துக்கு நடுவில். ஆடையில்லாத ஆண்களும் உண்டு. ஆனால் 19-ஆம் நூற்றாண்டுக்கு வரும்போது அவர்கள் எண்ணிக்கை ரொம்பவே குறைந்துவிடும்.

‘கெரில்லா கேர்ள்ஸ்’ என்ற பெண் கலைஞர்கள் குழு 1989-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போய் இதை எண்ணியே பார்த்துவிட்டது. நவீனக் கலைப் பிரிவில் இடம்பெற்ற கலைஞர்களில் பெண்கள் 5%-க்கும் குறைவு. அங்கிருந்த நிர்வாணப் படைப்புகளில் பெண் உடலைக் காட்டியவை 85%. சுவரில் தொங்கப் பெண் வேண்டும், படத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதுபோல ஒரு கணக்கு.

இந்தக் கணக்கின் இரண்டு பக்கத்திலும் வேலை பார்த்த ஒருவர் இருந்தார். பெயர் சுசான் வலதோன். பத்து வருஷத்துக்கும் மேலாகப் பெரிய ஓவியர்களுக்கு மாடலாக நின்றார். பிறகு தானே ஓவியரானார். மனித உடலைப் பார்க்கும் இடம் மாறினால் ஓவியத்தில் என்னவெல்லாம் மாறும் என்பதைப் புரிந்துகொள்ள, அவருடைய வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

முதலில், அந்தக் காலத்தில் எது ‘கலை’, எது ‘அசிங்கம்’?

தமிழில் நிர்வாணம், அம்மணம் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. பொருள் ஒன்றுதான் என்றாலும் இரண்டையும் நாம் ஒரே இடத்தில் பயன்படுத்துவதில்லை. கோயில் சிற்பத்தை யாரும் அம்மணம் என்று சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு சொற்கள் உண்டு. கலை வரலாற்றாசிரியர் கென்னத் கிளார்க் 1956-ல் வெளியிட்ட புத்தகத்தில் அந்த வேறுபாட்டை வைத்தே ஒரு முழு வரலாற்றைச் சொன்னார். ஒன்று, உடை இல்லாததால் கூச்சப்படும் உடல். இன்னொன்று, கலைக்காக ஒழுங்குபடுத்தப்பட்ட உடல்.

19-ஆம் நூற்றாண்டு பாரிஸில் இந்த எல்லைக்கோட்டைத் தாண்ட ஒரு எளிய வழி இருந்தது. படத்துக்கு ‘வீனஸ்’ என்று பெயர் வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். அலெக்சாண்டர் கபனெல் 1863-ல் கடல் அலை மேல் படுத்திருக்கும் வீனஸை வரைந்தார். மன்னர் மூன்றாம் நெப்போலியனே அதை விலைகொடுத்து வாங்கினார். யாரும் முகம் சுளிக்கவில்லை. அது தேவதை, பெண் இல்லை!

இரண்டு வருஷம் கழித்து, 1865-ல், எதுவார் மனே ‘ஒலிம்பியா’ என்ற ஓவியத்தை பாரிஸின் அரசு ஆண்டுக் கண்காட்சியான சலோனில் வைத்தார். படுத்திருக்கும் கோலம் பழையதுதான். 1538-ல் டிஷியன் வரைந்த வீனஸிடமிருந்து எடுத்தது. ஆனால் மனேவின் படத்தில் இருப்பது தேவதை இல்லை, பாரிஸில் அன்று வாழ்ந்த ஒரு பெண். கழுத்தில் கறுப்பு நாடா, காலில் செருப்பு. பக்கத்தில் ஒரு கறுப்பினப் பணிப்பெண் யாரோ அனுப்பிய பூங்கொத்தோடு நிற்கிறார். படுத்திருப்பவர் வெட்கப்பட்டுத் தலையைத் திருப்பவும் இல்லை. பார்ப்பவரை நேராகப் பார்க்கிறார். கூட்டம் கொதித்துப்போனது. படத்துக்குக் காவல் போட்டார்கள். பிறகு எட்டாத உயரத்தில் மாட்டினார்கள்.

அந்த மாடலின் பெயர் விக்தோரின் மெரான். அவரும் பின்னாளில் ஓவியராகி அதே சலோனில் பல முறை படங்களை வைத்தார். அவருடைய ஓவியங்களில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. அதனால் இன்றும் பலருக்கு அவர் ‘ஒலிம்பியா’ மட்டும்தான்.

ஒலிம்பியா சர்ச்சை வெடித்த அதே 1865-ல், செப்டம்பர் 23-ஆம் தேதி, பாரிஸிலிருந்து தொலைவில், லிமோஜ் நகருக்கு அருகே பெசின் என்ற சிற்றூரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

யார் இந்த சுசான்?

பிறக்கும்போது வைத்த பெயர் சுசான் இல்லை, மரி-கிளெமென்தின். அம்மா மதலேன், வீட்டு வேலையும் துணி வேலையும் செய்து பிழைத்தவர். திருமணம் ஆகாதவர். அப்பா யார் என்பது பதிவில் இல்லை. குழந்தைக்கு ஐந்து வயது இருக்கும்போது அம்மா பாரிஸுக்கு வந்து மோன்மார்த்ர் குன்றில் குடியேறினார்.

இன்றைக்கு மோன்மார்த்ர் என்றால் சுற்றுலாப் பயணிகளும் செல்ஃபியும்தான் நினைவுக்கு வரும். அன்றைக்கு அது நகரத்தின் விளிம்பு. வாடகை மலிவு, மது மலிவு. அதனால் கூலித் தொழிலாளர்களும் கையில் காசில்லாத ஓவியர்களும் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள்.

சுமார் 11 வயதில் படிப்பு நின்றது. அப்புறம் வேலைதான். தொப்பி தைக்கும் பட்டறை, இறுதிச் சடங்குக்கு மலர்வளையம் கட்டும் இடம், காய்கறி விற்பனை, உணவகத்தில் பரிமாறும் வேலை எனக் கிடைத்ததையெல்லாம் செய்தார். 15 வயதில் சர்க்கஸில் சேர்ந்தார். அது அவருக்குப் பிடித்த வேலை. ஆனால் ஊஞ்சல் வித்தை செய்யும்போது கீழே விழுந்து அடிபட்டது. சர்க்கஸ் வாழ்க்கை முடிந்தது.

அடுத்து என்ன வேலை? மோன்மார்த்ர் பகுதியில் ஓர் ஏழை இளம்பெண்ணுக்கு எளிதில் கிடைத்த வேலைகளில் ஒன்று, ஓவியர்களுக்கு மாடலாக நிற்பது. பக்கத்திலிருந்த பிகால் சதுக்கத்தில் நீரூற்றைச் சுற்றி மாடல்கள் காத்திருப்பார்கள். ஓவியர்கள் வந்து பார்த்துக் கூட்டிப்போவார்கள். நம்ம ஊரில் விடிகாலையில் கட்டட வேலைக்குக் கூலியாட்கள் கூடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்க, கிட்டத்தட்ட அதேதான்.

மாடலாக நிற்பது சும்மா நிற்பதா?

இல்லை. அசையாமல் மணிக்கணக்கில் ஒரே நிலையில் நிற்க வேண்டும். கை மரத்துப்போகும், இடுப்பு வலிக்கும், குளிர்காலத்தில் உடம்பு நடுங்கும். சர்க்கஸில் பழகிய உடம்பு என்பதால் வலதோனுக்கு இது கைவந்தது.

மதிப்புமிக்க மூத்த ஓவியர் பியூவி த ஷவானிடம் பல ஆண்டுகள் நின்றார். அவருடைய பெரிய சுவர் ஓவியங்களில் வரும் அமைதியான, புராண காலத்து உருவங்கள் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது வலதோனின் உடல்தான்.

ரெனுவாரிடமும் நின்றார். 1883-ல் ரெனுவார் வரைந்த மூன்று புகழ்பெற்ற நடன ஓவியங்களில் இரண்டில் ஆடுவது வலதோன். ‘நகரத்தில் நடனம்’ ஓவியத்தில் வெள்ளைப் பட்டு உடையில் இருக்கும் பெண், ‘பூஜிவாலில் நடனம்’ ஓவியத்தில் சிவப்புத் தொப்பியோடு சுழலும் பெண். 1887-ல் ரெனுவார் முடித்த ‘குளிக்கும் பெண்கள்’ என்ற பெரிய நிர்வாண ஓவியத்திலும் அவர் இருக்கிறார்.

துலூஸ் லோத்ரெக்குக்கும் மாடலானார். மதுக்கடை மேசையில் முழங்கையை ஊன்றி, முன்னால் பாட்டிலும் கோப்பையுமாகக் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் பெண்ணாக அவரை லோத்ரெக் வரைந்தார். ‘சுசான்’ என்ற பெயரும் லோத்ரெக் வைத்ததுதான். பைபிளில் சூசன்னா என்ற பெண் குளிக்கும்போது இரண்டு கிழவர்கள் ஒளிந்திருந்து பார்க்கும் கதை ஒன்று உண்டு. வயதான ஓவியர்கள் முன்னால் நிற்கும் இளம்பெண்ணுக்கு அந்தப் பெயரைக் கிண்டலாகச் சூட்டினார். அந்தக் கிண்டல் பெயரையே வலதோன் தன் ஓவியங்களில் கையெழுத்தாக ஆக்கிக்கொண்டார்.

ஒன்றைக் கவனியுங்க. இந்த மூன்று ஓவியர்களும் பார்த்தது ஒரே பெண்ணைத்தான். ஒருவருக்கு அவர் தேவதை, இன்னொருவருக்கு அழகான நடனப் பெண், மூன்றாமவருக்கு வாழ்க்கையில் களைத்தவர். மாடலின் உடல் ஒன்று. அது என்னவாகத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்பவர் வேறு.

பெண்கள் ஏன் ஓவியம் கற்க முடியவில்லை?

கற்கலாம். பூக்கள் வரையலாம், பழக்கூடை வரையலாம், உறவினர் முகத்தை வரையலாம். ஆனால் ஐரோப்பிய ஓவிய உலகில் பெரிய ஆள் ஆக வேண்டுமென்றால் புராண, வரலாற்றுக் காட்சிகளை வரைய வேண்டும். அதற்கு மனித உடலின் எலும்பும் தசையும் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கற்க ஒரே வழி, ஆடையில்லாத மாடலைப் பார்த்து வரையும் வகுப்பு. அந்த வகுப்பின் கதவுதான் பெண்களுக்கு மூடியிருந்தது.

எவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தது என்பதற்கு ஒரு படமே சாட்சி. லண்டன் ராயல் அகாடமியைத் தொடங்கிய உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் உண்டு: ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். 1772 வாக்கில் ஜோகன் ஸோஃபனி அகாடமியின் உறுப்பினர்களை ஒரே ஓவியத்தில் வரைந்தார். ஆண்கள் ஆடையில்லாத மாடலைச் சுற்றி நிற்கிறார்கள். இரண்டு பெண்கள் மட்டும் அறையில் இல்லை; சுவரில் மாட்டிய உருவப்படங்களாக இருக்கிறார்கள்!

பாரிஸின் அரசுக் கலைப்பள்ளியான எக்கோல் தெ போசார் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1897-ல்தான். அதற்கு முன்பு சில தனியார் பள்ளிகளில் இடம் கிடைத்தது. ஆனால் ஆண்களைவிட அதிகக் கட்டணம் கேட்டார்கள். வசதியான வீட்டுப் பெண்களால் மட்டுமே கட்ட முடிந்தது. பெண்களில் ஏன் மாபெரும் ஓவியர்கள் இல்லை என்று கேட்டு லிண்டா நாக்லின் 1971-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த மூடிய வகுப்பறையைத்தான் முக்கியக் காரணமாகச் சுட்டியது. திறமைக் குறைவு இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை.

இங்கதான் வலதோன் கதை விசித்திரமாகத் திரும்புது. பணமுள்ள பெண்கள் நுழைய முடியாத அந்த அறைக்குள் அவர் தினமும் போய்வந்தார். மாணவியாக இல்லை, மாணவர்கள் பார்க்கும் உடலாக. அசையாமல் நிற்கும்போது கண் சும்மா இருக்குமா? ஓவியர் கோட்டை எங்கே தொடங்குகிறார், எதை அழிக்கிறார், நிழலை எப்படி வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து தாளில் வரைந்து பழகினார். எந்தப் பள்ளியிலும் சேரவில்லை. எந்தப் பட்டமும் வாங்கவில்லை.

1883: ஒரே ஆண்டு, இரண்டு முகங்கள்

ரெனுவார் அவரை நடனப் பெண்ணாக வரைந்த அதே 1883-ல், 18 வயது வலதோன் கண்ணாடி முன் உட்கார்ந்து தன்னைத் தானே பேஸ்டலில் வரைந்தார். இன்று அது பாரிஸின் பாம்பிடூ மையத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

முடிந்தால் இந்தப் படங்களை உங்கள் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ரெனுவாரின் பெண்ணுக்கு ரோஜா நிறக் கன்னம், மென்மையான தோல், தாழ்ந்த பார்வை. வலதோன் வரைந்த வலதோனுக்குச் சிரிப்பே இல்லை. இறுகிய வாய், நடு வகிடு, நேரான பார்வை. உன்னை மகிழ்விப்பது என் வேலை இல்லை என்பது போன்ற முகம்.

அந்த ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் மொரீஸ். மறுபடியும் பதிவில் அப்பா பெயர் இல்லை. 1891-ல் மிகேல் உத்ரில்லோ என்ற ஸ்பானிய நண்பர் தன் குடும்பப் பெயரைப் பையனுக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். பேரனைப் பெரும்பாலும் பாட்டி மதலேன் வளர்த்தார். வலதோன் வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

தெகா தந்த உதவி

வலதோனின் கோட்டோவியங்களைப் பார்த்து உடனே மதிப்பிட்டவர் எட்கர் தெகா. யாரையும் எளிதில் பாராட்டாதவர் என்று பெயர் எடுத்தவர். அவர் வலதோனின் படங்களை வாங்கினார், மற்றவர்களிடம் எடுத்துச் சொன்னார், செப்புத்தகட்டில் பொறித்து அச்செடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். தன் சொந்த அச்சு இயந்திரத்தையும் பயன்படுத்த விட்டார்.

1894-ல் பிரெஞ்சு தேசியக் கலைச் சங்கத்தின் சலோனில் வலதோனின் ஐந்து கோட்டோவியங்கள் இடம்பெற்றன. ஓவியப் பள்ளிக்கூடம் போகாத, துணி வேலை பார்த்தவரின் மகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தெகாவும் குளிக்கும் பெண்களை வரைந்தவர்தான். தொட்டியில் குனிந்து உடம்பு தேய்க்கும் பெண்களை வரைந்த பேஸ்டல் வரிசையை 1886-ல் காட்சிக்கு வைத்தார். அவற்றில் நாம் ஒளிந்திருந்து பார்ப்பது போன்ற உணர்வு வரும். வலதோனும் குளியல் காட்சிகளை வரைந்தார். அவர் வரைந்தவற்றில் ஒரு அம்மாவோ பாட்டியோ வேலைக்காரரோ கூடவே இருப்பார். துண்டு நீட்டுவார், பிள்ளையைத் துடைத்துவிடுவார். நாம் ஒளிந்திருக்கவில்லை, வீட்டு ஆளாக அதே அறையில் இருக்கிறோம்.

காதல், கல்யாணம், இடைவெளி

1893-ல் பக்கத்து அறையில் இருந்த இசையமைப்பாளர் எரிக் சத்தியோடு ஆறு மாதம் நீடித்த ஒரு காதல். அதன் பிறகு சத்தியின் வாழ்க்கையில் வேறு காதல் இருந்ததாகப் பதிவு இல்லை.

1896-ல் பால் மூசி என்ற வசதியான வணிகத் தரகரைத் திருமணம் செய்துகொண்டார். முதல் முறையாக வீட்டு வாடகை பற்றிக் கவலை இல்லாத வாழ்க்கை. முழு நேரமும் வரைய முடிந்தது. ஆனால் நகரத்துக்கு வெளியே ஒரு வீடு, குடும்பத் தலைவி வேடம், குடிப்பழக்கத்தில் மூழ்கிக்கொண்டிருந்த மகன் எனச் சுமையும் சேர்ந்தே வந்தது. மொரீஸின் மனத்தைக் குடியிலிருந்து திருப்ப மருத்துவ ஆலோசனைப்படி அவனுக்குத் தூரிகையைக் கொடுத்துப் பழக்கினார். அந்தப் பையன்தான் பின்னாளில் மோன்மார்த்ர் தெருக்களை வரைந்து உலகப் புகழ் பெற்ற மொரீஸ் உத்ரில்லோ.

1909-ல் எல்லாம் தலைகீழானது. மகனின் நண்பர் ஆந்த்ரே உத்தேர் மீது வலதோனுக்குக் காதல். எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்த இளம் ஓவியர். வலதோனைவிட 21 வயது இளையவர், மகனைவிடவும் இளையவர். வசதியான வீட்டை விட்டுவிட்டு வலதோன் மோன்மார்த்ருக்கே திரும்பினார். கோட்டோவியங்களை விட்டுப் பெரிய எண்ணெய் ஓவியங்களுக்கு மாறியதும் இந்தச் சமயத்தில்தான்.

ஆதாமுக்கு மட்டும் ஏன் இலை?

அதே 1909-ல் வலதோன் ‘ஆதாமும் ஏவாளும்’ என்ற படத்தை வரைந்தார். ஏவாள் ஆப்பிளைப் பறிக்கக் கையை உயர்த்துகிறாள். ஆதாம் அவள் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான். ஏவாளாக வலதோன், ஆதாமாக உத்தேர். இருவர் உடலிலும் துணி இல்லை. ஒரு பெண் ஓவியர் தன்னையும் தன் காதலனையும் முழு நிர்வாணமாக ஒரே படத்தில் வரைவது ஐரோப்பிய ஓவியத்தில் அதுவரை கேள்விப்படாத ஒன்று.

ஆனால் இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் ஆதாமின் இடுப்பைச் சுற்றி இலைக்கொடி ஒன்று இருக்கும். அது முதலில் இல்லை. பழைய புகைப்படம் ஒன்றில் இலை இல்லாத ஆதாம் தெரிகிறான். 1920-ல் பொதுக் கண்காட்சியில் வைப்பதற்காக வலதோன் அந்த இலைகளைச் சேர்த்து வரைய வேண்டியிருந்தது.

மறைத்து வரைவது ஐரோப்பாவுக்குப் புதிதில்லை. ரோமின் சிஸ்டின் தேவாலயத்தில் மைக்கேலாஞ்சலோ வரைந்த ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்திலும் பிற்பாடு வேறொரு ஓவியரை வைத்து உருவங்களுக்குத் துணி வரைய வைத்தார்கள். தானியேலே த வோல்தேரா என்ற அந்த ஓவியருக்குக் கால்சட்டைக்காரர் என்று பட்டப்பெயரே வந்துவிட்டது.

வலதோன் படத்தில் கவனிக்க வேண்டியது வேறு. இலை ஆதாமுக்கு மட்டும்தான். ஏவாள் அப்படியேதான் இருக்கிறாள். பெண் உடல் எத்தனை நூறு சுவரில் தொங்கினாலும் பிரச்சினை இல்லை. ஒரு பெண் ஆணின் உடலைப் பார்த்து வரைந்தால்தான் பிரச்சினை.

அதோடு அவர் நிறுத்தவும் இல்லை. 1914-ல் ‘வலை வீச்சு’ என்ற படத்தைக் காட்சிக்கு வைத்தார். சுமார் 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். ஆடையில்லாத மூன்று ஆண்கள் நீர்க்கரையில் வலையை இழுத்து வீசுகிறார்கள். மூன்றுக்கும் மாடல் உத்தேர்தான். அதே ஆண்டு செப்டம்பரில், முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

சரி, அவர் வரைந்த பெண்கள் எப்படி இருக்கிறார்கள்?

முதலில், அவர்களுக்கு எடை இருக்கிறது. வயிறு மடிகிறது, தொடை கட்டிலில் அழுந்துகிறது, தோலில் பச்சையும் ஊதாவும் தெரிகிறது. மற்ற ஓவியர்கள் பளிங்கு போல வழித்துவிட்ட உடல் முடியை அவர் அப்படியே வரைந்தார். உருவத்தைச் சுற்றி அழுத்தமான கரும் கோடு. மென்மையாக மங்கிக் கரைந்துபோகும் பெண் அவர் படத்தில் கிடையாது.

1923-ல் வரைந்த ‘நீல அறை’ இதற்கு நல்ல உதாரணம். கட்டிலில் சாய்ந்து படுத்திருக்கும் ஒரு பெண். டிஷியனின் வீனஸ், மனேவின் ஒலிம்பியா எல்லாம் இதே கோலம்தான். ஆனால் இவருக்கு உடை இருக்கிறது: கோடு போட்ட கால்சட்டையும் தொளதொள மேல்சட்டையும். வாயில் சிகரெட், கால் பக்கத்தில் புத்தகங்கள். நம்மைப் பார்க்கவில்லை. நமக்காகப் படுத்திருக்கவும் இல்லை. வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மாதிரி, தனக்காகப் படுத்திருக்கிறார்.

வலதோனிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். 1919-ல் அவர் ஒரு கறுப்பினப் பெண்ணை மாடலாக வைத்துச் சில நிர்வாண ஓவியங்கள் வரைந்தார். அவற்றில் ஒன்றின் பெயர் ‘கறுப்பு வீனஸ்’. உடலைக் கம்பீரமாக, நிமிர்ந்து நிற்பதாகத்தான் வரைந்திருக்கிறார். ஆனால் அந்த மாடலின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. பெயரில்லாத மாடலாகத் தொடங்கியவரின் படத்திலும் இன்னொரு பெயரில்லாத மாடல். பார்க்கும் இடத்துக்கு வந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுவதில்லை.

66 வயதில் ஒரு சுயஓவியம்

ஐரோப்பிய நிர்வாண ஓவியத்தில் பெண்ணுக்கு வயதாவதில்லை. வயதானால் சூனியக்காரியாகவோ மரணத்தின் உருவகமாகவோதான் வருவார். 1931-ல் வலதோன் மார்பை மறைக்காமல் தன்னையே வரைந்தார். வயது 60-களின் நடுவில். குட்டையாக வெட்டிய தலைமுடி, உதட்டுச்சாயம், கழுத்தில் மணிமாலை, தளர்ந்த மார்பு. பரிதாபம் கேட்கவில்லை, அழகாகக் காட்டவும் முயலவில்லை. 18 வயதில் வரைந்த அந்தப் பேஸ்டல் முகத்தின் அதே நேர்ப் பார்வை.

16 வயதிலிருந்து மற்றவர்கள் வரைந்துகொண்டிருந்த உடல் இது. அதன் கடைசிக் கணக்கை அவரே எழுதிக்கொண்டார்.

பிறகு ஏன் அவரைப் பலருக்குத் தெரியவில்லை?

உயிரோடு இருக்கும்போது அவர் தெரியாதவராக இல்லை. 1911-லேயே தனிக் கண்காட்சி நடந்தது. 1920-களில் பெரிய கலைக்கூடங்கள் அவர் படங்களை விற்றன. ஆனால் மகன் உத்ரில்லோவின் தெரு ஓவியங்கள் அதைவிடப் பல மடங்கு விலைபோயின. அம்மா, மகன், இளம் கணவர் என்ற அந்த மூவர் குடும்பத்தின் சண்டைகளும் குடியும் பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. மெல்ல மெல்ல அவர் ‘உத்ரில்லோவின் அம்மா’, ‘ரெனுவாரின் மாடல்’ என்றே அறியப்பட்டார். கதையில் சுவை கூடக் கூட, ஓவியம் பின்னுக்குப் போனது.

இன்னொரு காரணமும் உண்டு. அவரை எந்த இயக்கத்திலும் அடைக்க முடியவில்லை. இம்ப்ரெஷனிஸ்ட் இல்லை, கியூபிஸ்ட் இல்லை. 1930-களில் ‘நவீனப் பெண் கலைஞர்கள்’ அமைப்பின் கண்காட்சிகளில் படங்கள் வைத்தார். ஆனால் பெண் ஓவியர் என்ற தனி வரிசையில் நிற்பதில் அவருக்குப் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. பாடப்புத்தகங்களுக்குப் பெட்டிகள் தேவை. எந்தப் பெட்டிக்கும் பொருந்தாதவர் வெளியே நின்றுவிடுகிறார்.

1938 ஏப்ரல் 7-ஆம் தேதி, 72 வயதில், பக்கவாதம் தாக்கி இறந்தார். அது தாக்கியபோது ஓவியச் சட்டத்தின் முன்னால் வேலை செய்துகொண்டிருந்தார். இறுதிச் சடங்குக்குப் பிக்காசோ, பிராக், தெரைன் ஆகியோர் வந்திருந்தார்கள். சக ஓவியர்களுக்கு அவர் யார் என்று தெரிந்திருந்தது.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

வலதோன் அந்த 1931 சுயஓவியத்தை வரைந்த காலத்தில், அதே பாரிஸில் ஓர் இந்திய இளம்பெண் எக்கோல் தெ போசாரில் படித்துக்கொண்டிருந்தார். அவர் அம்ரிதா ஷெர்கில். 1897-ல்தான் பெண்களுக்குத் திறந்த அதே பள்ளி. ஆடையில்லாத மாடலைப் பார்த்து வரையும் பயிற்சி ஷெர்கிலுக்கு முறைப்படி கிடைத்தது. 1933-ல் அவர் வரைந்த ‘தொழில்முறை மாடல்’ என்ற படத்தில் இருப்பது அழகி இல்லை. களைத்த உடலோடு உட்கார்ந்திருக்கும், வேலையாக மாடலிங் செய்யும் ஒரு பெண். 1934-ல் இடுப்புக்கு மேல் ஆடையின்றித் தன்னையே தாகிதித் தீவுப் பெண்ணாகவும் வரைந்தார். மாடலாக நின்றுதான் உள்ளே நுழைய முடியும் என்ற நிலை ஒரே தலைமுறையில் மாறியிருந்தது.

இன்று அவரை எங்கே பார்க்கலாம்?

வலதோன் வாழ்ந்து வரைந்த கோர்த்தோ தெரு 12-ஆம் எண் வளாகம் இப்போது மோன்மார்த்ர் அருங்காட்சியகம். அவருடைய ஓவிய அறையை அங்கே மீட்டமைத்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பார்ன்ஸ் அறக்கட்டளை 2021-லும், பாரிஸின் பாம்பிடூ மையம் 2025-லும் அவருக்குப் பெரிய கண்காட்சிகள் நடத்தின. பாரிஸ் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. ‘நீல அறை’, ‘ஆதாமும் ஏவாளும்’, 1931 சுயஓவியம் மூன்றும் இணையத்தில் எளிதில் கிடைக்கும்.

அவர் பெயரில் ஒரு சிறுகோள் இருக்கிறது. வெள்ளிக் கோளில் உள்ள ஒரு பள்ளத்துக்கும் வலதோன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக் கோளுக்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயர் என்னவென்று உங்களுக்கே தெரியும்: வீனஸ்.

அடுத்த முறை ஒரு பழைய நிர்வாண ஓவியத்தைப் பார்க்கும்போது, அழகா அசிங்கமா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்க. இதை வரைந்தது யார், இதற்காக நின்றது யார், அவருக்குப் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்க. பெரும்பாலும் படத்துக்குக் கீழே உள்ள சிறிய அட்டையில் அந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் பதில் இருக்கும்.